எந்தப் புஸ்தகம்?

சுற்றுச்சூழல் கல்வி அவசியம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ஆம் ஆண்டில் எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் கட்டளையிட்டது. 2003-இல் மறுபடியும் வற்புறுத்திய பிறகே அது எல்லாப் பட்ட வகுப்புகளுக்கும் கட்டாயப் பாடமாயிற்று. பாடம் வந்துவிட்டது, புஸ்தகம் எது என்பதுதான் இப்போது கேள்வி. பெற்றோர் விலையைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் பக்கங்களை எண்ணுகின்றனர். உபாத்தியாயர்களோ சென்ற ஆண்டுக் கேள்வித்தாளைப் புரட்டுகின்றனர். புஸ்தகத்தைப் பார்ப்பவர் யார்?

கடலூர் ஜில்லாவில், நெய்வேலிக்கு அருகே முத்தாண்டிக்குப்பம் என்ற ஊர் இருக்கிறது. செம்மண் பூமி, முந்திரியும் பலாவும் அந்தப் பக்கத்துச் செல்வம். அவ்வூர்ப் பிள்ளை ஒருவன் கல்லூரியில் சேர்ந்து சூழலியல் நூலை விரிப்பதாக வைத்துக்கொள்வோம். பனிக்காட்டையும் ஓநாயையும் பற்றி அதில் விஸ்தாரமாக இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவன் வீட்டு வாசலில் நிற்கும் முந்திரி, போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் என்பதை யார் சொல்வது? 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தனவே, தோப்பு விழுந்தால் மண்ணும் நிழலும் பறவையும் என்ன ஆகும் என்று எந்த அத்தியாயம் அவனைக் கேட்கிறது?

நெய்வேலிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. அதை அல்லும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பொங்கும். 1956-இல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம் நாட்டுக்கு ஒளி தந்திருக்கிறது. அதற்காகச் சுற்றுக் கிராமத்தார் நிலம் கொடுத்திருக்கின்றனர். நல்ல நூல் சுரங்கத்துக்கு விளம்பரமாகவும் இராது, வெறும் ஒப்பாரியாகவும் இராது. ஒரு டன் நிலக்கரிக்கு எத்தனை டன் நீர் இறைக்கப்படுகிறது, அந்நீர் எங்கே போகிறது, ஊர்க் கிணறுகளின் மட்டம் என்ன என்று கணக்குக் கேட்கக் கற்பிக்கும்.

அந்நிய தேசத்து நூல் என்பதற்காக எதையும் தள்ளிவிடலாகாது. சூழல் மண்டலம் என்ற கருத்துக்கு 1935-இல் பெயரிட்டவர் இங்கிலாந்தின் டான்ஸ்லி. அதை நடுநாயகமாக வைத்து 1953-இல் பாடநூல் எழுதியவர் அமெரிக்காவின் யூஜீன் ஓடம். தத்துவத்தை அவர்களிடம் கற்போம். ஆனால் காசி ஹிந்து சர்வகலாசாலையின் ராம்தேவ் மிஸ்ரா 1968-இலேயே சூழலியலுக்கென்று ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார் என்பதையும் மறக்கலாகாது. வயலில் இறங்கி எண்ணியும் அளந்தும் பாராதவனுக்கு இந்தச் சாஸ்திரம் வெறும் வார்த்தைக் கோவைதான்.

ஆகவே உபாத்தியாயர்களுக்கு நமது விண்ணப்பம் இது. புஸ்தகத்துக்கு ஆர்டர் அனுப்புமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். நீரைப் பற்றிய அத்தியாயத்தில் ஏரியும் கிணறும் பருவமழையும் உண்டா? புள்ளிவிவரம் தரும் இடத்தில், அது எப்படி அளக்கப்பட்டது என்று சொல்லியிருக்கிறதா? பயிற்சிகளில் மனப்பாடத்துக்கு அப்பால், மாணவன் தன் ஊரில் செய்து பார்க்கக்கூடியது ஒன்றாவது இருக்கிறதா? மூன்றும் இல்லையெனில், விலை எவ்வளவு மலிவானாலும் அது நஷ்ட வியாபாரமே.

எல்லாம் பொருந்திய நூல் கிடைக்காமற் போகலாம். அப்போது தத்துவத்துக்கு ஒரு நூலை வைத்துக்கொண்டு, ஜில்லாவின் மண், மழை, மரம், கிணறு ஆகியவற்றை மாணவர்களே ஆண்டுதோறும் குறித்துவைக்கும் நோட்டுப் புஸ்தகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளில் அந்த ஜில்லாவுக்கு வேண்டிய பாடநூலுக்கு அதுவே மூலதனமாகும்.