சமுதாயக் கூடத்தில் விளக்கெரியட்டும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் 73 விழுக்காடு. எழுத்தறியாதவர்களில் பெண்களே அதிகம். அதனால்தான் நம் குடியிருப்புகளில் மகள் பட்டம் வாங்கிய வீட்டிலேயே தாய் கைநாட்டு வைக்கிறாள். ஒரே கூரைக்குள் இருக்கும் இந்தத் தூரத்தைக் கடப்பது பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

இந்தத் தூரத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1892இல் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீட்டில் நம் மூதாதையருக்குக் கிடைத்த நிலங்கள் இன்று யார் கையில்? பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்து இழந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. எந்த வயல் யாருடையது, வரப்பு எங்கே இருந்தது என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். அ-பதிவேட்டைப் படிக்கப் பேத்திக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது ஒரு மனுவாகும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 என்ன சொல்கின்றன? வாய்மொழியாகத் தரும் புகாரைக் காவல் அதிகாரி எழுதி, புகார்தாரருக்குப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். படித்துக்காட்டியதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க நம் வீட்டிலேயே ஆள் வேண்டாமா?

இது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் மரத்தடியிலும் தெருவிளக்கடியிலும் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கானோர். கல் உடைத்த பெண்கள் குழுவாகக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். வாழ்க்கையோடு ஒட்டிய படிப்பு என்பதால் அது வேர்பிடித்தது.

இன்று முதியோருக்கு ஒரு திட்டம், பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் என்று அரசு பிரித்தே வைத்திருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. நாம் கேட்பது குடும்பமாக உட்காரும் ஒரு மணி நேரம். பாடப்புத்தகம்கூட வேண்டாம். பட்டா, நூறு நாள் வேலை அட்டை, சுய உதவிக் குழுக் கடன் புத்தகம், ரேஷன் கடை ரசீது போதும். பிள்ளை வாசிக்கட்டும், தாய் தன் வேலை நாளையும் கூலியையும் சொல்லிச் சரிபார்க்கட்டும். அப்போது கணக்குப் பாடமும் உரிமைப் பாடமும் ஒன்றாகும்.

இதனால் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் காலிப் பணியிடங்களை நிரப்பும் கடமையிலிருந்து அரசு தப்பிவிட முடியாது. பள்ளி செய்ய வேண்டியதைப் பள்ளிதான் செய்ய வேண்டும்.

கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் மட்டும் திறக்கும் சமுதாயக் கூடங்களை மாலையில் திறந்துவிடுங்கள். மின்விளக்கும் ஒரு அலமாரிப் புத்தகமும் தாருங்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருவோம். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டதா என்று நாமே வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவோம்.