எந்தப் பிரயாணத்துக்கு எந்த விமானம்?

மணலியில் கச்சா எண்ணெயைச் சுத்தி செய்யும்போது கிடைக்கும் சரக்குகளில் ஆகாய விமான எரிபொருளும் ஒன்று. அது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. பூமிக்கடியில் பதித்த குழாய் வழியாக அது மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அதை நிரப்பிக்கொண்டு பறக்கும் விமானங்களில் திருவொற்றியூர் மீனவரோ எண்ணூர்த் தொழிலாளியோ ஏறுவது அபூர்வம். ஆனால் எண்ணெய்த் தொழிலின் மறுபக்கத்தை அவர்கள் நன்கு அறிவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர் பிழைப்பு கெட்டது. இந்த எரிபொருள் யாரால், எதற்காக, எவ்வளவு செலவழிக்கப்படுகிறது என்று கேட்க வடசென்னை ஜனங்களுக்குப் பூரண பாத்தியதை உண்டு. தனவந்தர்களும் சர்க்கார்களும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் விமானங்களைப் பற்றி இன்று நாம் எழுத முன்வருவது அந்தப் பாத்தியதையைக் கொண்டே.

சொந்த விமானம் வைத்திருப்பதே குற்றம் என்பது நமது கட்சி அல்ல. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டது. 1932-ல் கராச்சித் தபால் டாட்டா கம்பெனியாரின் சிறு விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு வாகனமும் தான் வந்த காலத்தில் ஒரு தேவையைப் பூர்த்தி செய்தது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றிய கம்பெனி இன்று அசோக் லேலண்ட் என்ற பெயரில் எண்ணூரிலும் ஓசூரிலும் வடநாட்டிலும் தொழிற்சாலைகள் நடத்துகிறது. இவ்வாறு பல ஊர்களில் தொழில் நடத்தும் ஸ்தாபனங்களில் ஒரு யந்திரம் நின்றுவிட்டால் ஒவ்வொரு மணியும் நஷ்டம். அதைச் சரிசெய்ய வேண்டியவர் விரைந்து போவது ஆடம்பரமாகாது. போகும் வேலைக்கும் ஏறும் விமானத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி.

பொருத்தத்தை மூன்று அளவைகளால் அறியலாம்: போகும் தூரம், இறங்கும் ஓடுபாதை, ஏறும் ஆட்களின் தொகை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஓசூரோ மதுரையோ தூத்துக்குடியோ ஆகாய மார்க்கத்தில் சுமார் 250 முதல் 530 கிலோமீட்டருக்குள் அடங்கும். இதற்கு ஜெட் விமானம் தேவையில்லை. ஜெட் எஞ்சின் மிக உயரத்தில், மெல்லிய காற்றில் பறக்கும்போதுதான் சிக்கனமாக வேலை செய்யும். குறுகிய பிரயாணத்தில் அது மேலே ஏறி முடிப்பதற்குள் கீழே இறங்கத் தொடங்க வேண்டும். விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்களாகிய கிங் ஏர், பிலாட்டஸ் போன்றவை இத்தகைய தூரத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் பிந்தி வந்தாலும் மிகக் குறைந்த எரிபொருளில் வேலையை முடித்துவிடும்.

பம்பாய், டில்லி, சிங்கப்பூர் என்று 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வரை போக வேண்டுமானால் சிறு ஜெட் விமானம் தகும். பீனம் 300 என்ற விமானம் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் சுமார் 3,700 கிலோமீட்டர் பறக்க வல்லது. சென்னையிலிருந்து டோக்கியோ சுமார் 6,400 கிலோமீட்டர். லண்டன் சுமார் 8,200. சாலஞ்சர் 650 விமானத்தின் எல்லை சுமார் 7,400. ஆகவே அது டோக்கியோவை எட்டும். லண்டனுக்கு வழியில் ஒருமுறை இறங்க வேண்டும். குளோபல் 7500 போன்ற பெரிய விமானங்கள் 14,000 கிலோமீட்டர்கூடப் பறக்கும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். விற்பனையாளர் சொல்லும் எல்லை, சிலரே ஏறி, எதிர்க்காற்று இல்லாமல் பறக்கும்போது கிடைக்கும் எல்லை. ஆட்களும் பெட்டிகளும் கூடக் கூட எல்லை சுருங்கும்.

இரண்டாவது ஓடுபாதை. இதை மறப்பவர்கள் பலர். வேலூர் விமானத்தளத்தின் ஓடுபாதை சுமார் 850 மீட்டர். கிங் ஏர் பி200 எழும்புவதற்குக் கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில் சுமார் 800 மீட்டர் வேண்டும் என்பது கணக்கு. காகிதத்தில் அது போதும் போலத் தோன்றும்; வேலூரின் மே மாத வெயிலில் போதாது. வெப்பத்தில் காற்று இலேசாகிறது. இறக்கை தாங்கும் சக்தி குறைகிறது. ஓட வேண்டிய தூரம் நீள்கிறது. ஊர் உயரமாக இருந்தாலும் இதே கதிதான். ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் சுமார் 2,100 மீட்டர் ஓடுபாதை உண்டு. ஆனால் அவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் நெடுங்காலம் 1,350 மீட்டராக இருந்த பாதை 2025-ல் தான் 3,115 மீட்டராக நீண்டது. எத்தனை கோடி கொடுத்து வாங்கிய விமானமானாலும், போக வேண்டிய ஊரில் இறங்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவது ஆட்களின் தொகை. இதில்தான் பெருமை புகுந்து புத்தியைக் கெடுக்கிறது. வருஷத்தில் ஒருமுறை பன்னிரண்டு பேரோடு லண்டனுக்குப் போக நேரும் என்பதற்காகப் பெரிய விமானத்தை வாங்கி, மற்ற நாட்களில் அதில் இரண்டு பேர் பெங்களூருக்குப் போய் வருவது, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினமும் இருவருக்குச் சோறு பொங்குவதை ஒக்கும். வாரந்தோறும் நேரும் பிரயாணத்துக்கு ஏற்றதை வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நேர்வதற்கு வாடகைக்கு அமர்த்த வேண்டும். வாடகைக்கு எடுப்போர் அந்தக் கம்பெனி வாடகை விமானம் நடத்த சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலிடம் பெர்மிட் பெற்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான விமானத்தைக் கூலிக்கு ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை.

நிற்க. தனியார் தம் பணத்தை எப்படிச் செலவழித்தாலும் அவர்களைக் கேட்பவர் கூட்டாளிகளே. சர்க்கார் செலவழிப்பது ஜனங்களின் வரிப்பணம். குஜராத் சர்க்கார் 2019-ல் சாலஞ்சர் 650 விமானம் ஒன்றை சுமார் 191 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இது தகுமா, தகாதா என்று சாட்சியத்தைப் பார்க்காமல் தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை. சாட்சியம் எங்கே இருக்கிறது? விமானத்தின் பிரயாணக் குறிப்பேட்டில் இருக்கிறது. எந்தத் தேதியில், எந்த ஊருக்கு, எத்தனை பேர், எந்த வேலையாகப் போனார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். விமானம் வைத்திருக்கும் ஒவ்வொரு மாகாண சர்க்காரும், நமது சர்க்கார் நாளைக்கு ஒன்று வாங்குமானால் அதுவும், இந்தக் கணக்கை வருஷந்தோறும் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. யாராவது மனுப் போட்டுக் கேட்கட்டும் என்று காத்திருப்பது ஜனநாயக சர்க்காருக்கு அழகல்ல.

சரியான விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது. 2001 செப்டம்பர் 30-ல் ஸ்ரீ மாதவராவ் சிந்தியா சென்ற கிங் ஏர் மைன்புரிக்கு அருகே விழுந்தது. 2009 செப்டம்பர் 2-ல் ஆந்திர முதல் மந்திரி ஸ்ரீ ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் வீழ்ந்தது. இரண்டிலும் வானிலை மோசமாக இருந்தது. 2021 மே 6-ல் மருந்து ஏற்றிக்கொண்டு குவாலியரில் இறங்கிய மத்தியப் பிரதேச சர்க்காரின் கிங் ஏர், ஓடுபாதைத் தடுப்பில் மோதிப் பழுதாயிற்று. நல்ல விமானமும் கெட்ட வேளையில் ஆபத்தாகிவிடும். பெரிய மனிதர் காத்திருக்கிறார், கூட்டம் காத்திருக்கிறது என்ற அவசரத்துக்கு வானமும் தரையும் கட்டுப்படா. ‘இன்று போக இயலாது’ என்று விமானி சொன்னால், மந்திரியோ முதலாளியோ மறுபேச்சுப் பேசாமல் இருப்பதே விதியாக வேண்டும். அவ்வாறு சொன்ன விமானியின் உத்தியோகத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

கடைசியாக, மூன்று அளவைகளுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிரயாணத்துக்குத் தனி விமானம் வேண்டுமா? ஒற்றை எஞ்சின் பிலாட்டஸ் விமானம் மணிக்கு 200 லிட்டருக்குச் சற்று அதிகமாக எரிக்கிறது; பீனம் 300 சுமார் 600 லிட்டர்; குளோபல் 7500 போன்றவை 1,500 லிட்டருக்கும் மேல். உலகத் தனி விமானங்களைப் பற்றி 2024-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அவற்றின் பிரயாணங்களில் ஏறக்குறைய பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்தவை என்று கணக்கிட்டிருக்கிறது. அவற்றுள் எத்தனை, ரயிலில் போயிருக்கக் கூடியவை! சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் ரயில் சுமார் நாலரை மணியில் போகிறது. எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 35 கிலோமீட்டர். கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்து அங்கே போய்ச் சேருவதற்குள், ஆகாயத்தில் மிச்சமாகும் நேரத்தில் பெரும்பகுதி தரையிலேயே கழிந்துவிடும். டில்லிக்கும் பம்பாய்க்கும் தினந்தோறும் பல விமானங்கள் டிக்கெட் விற்றுப் பறக்கின்றன.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. டிக்கெட் வாங்கிப் போகக் கூடிய இடத்துக்கு டிக்கெட் வாங்கிப் போக வேண்டும். தனி விமானம் அவசியமானால், அந்தப் பிரயாணத்தைப் பத்திரமாக முடிக்கக் கூடியவற்றுள் சிறியதில் போக வேண்டும். அதற்கு மேற்பட்டது எல்லாம் வெறும் டம்பம்; அந்த டம்பத்துக்கான எண்ணெய் மணலி போன்ற ஊர்களிலிருந்துதான் போகிறது, அதன் புகையையும் கசிவையும் அவ்வூர் ஜனங்கள்தான் சகிக்கிறார்கள். விமானம் வாங்கப் புறப்படும் முதலாளிகளும் மந்திரிகளும் விற்பனையாளரின் படப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன், தமது சென்ற வருஷப் பிரயாணக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.