சரக்கு விலையை நம்பி எத்தனை நாள்? - பாண்டி நைட் லைஃப் மாற வேண்டிய நேரம்!

சனிக்கிழமை சாயங்காலம் மூலக்குளத்துல, விழுப்புரம் ரோட்டோரமா ஒரு டீயோட நின்னு பாருங்க. தமிழ்நாட்டு நம்பர் பிளேட் பைக்கும் காருமா டவுன் பக்கம் போய்க்கிட்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டம் அதே ரோட்டில் திரும்பும். நடுவில் இருக்கும் அந்த ஓர் இரவுதான் பாண்டிச்சேரியின் பல பார்களுக்கும் பப்களுக்கும் வார வருமானம்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1948 முதல் 1971 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்கு. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோதும் சரி, 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் சரி, பாண்டியில் கடை திறந்தே இருந்தது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு போன பிறகு, விலை வித்தியாசம் கூட்டத்தை இழுத்தது. மொத்தத்தில், பக்கத்து மாநிலத்தின் சட்டத்தையும் வரியையும் நம்பியே இங்கே ஒரு தொழில் வளர்ந்துடுச்சு.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானதுனு சமீப வருடங்கள் காட்டிடுச்சு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதுனு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னப்போ, ரோட்டோரக் கடைகள் ஆடிப்போச்சு. 2020 மே மாதம் லாக்டௌனுக்குப் பிறகு கடைகள் திறந்தப்போ, கொரோனா வரி போட்டு தமிழ்நாட்டு விலைக்கே வித்தாங்க. 'அதே விலைன்னா இங்கே எதுக்கு வரணும்?' அன்னைக்கு எழுந்த இந்தக் கேள்விக்குப் பல ஓனர்களிடம் இன்னும் பதில் இல்லை.

உள்ளூர்க்காரர்களின் கோபம் தனிக்கதை. குடியிருப்புக்கு நடுவே ரெஸ்டோ பார் வேண்டாம்னு போராட்டங்கள் நடந்தன. 2025 ஆகஸ்ட்டில் ஒரு ரெஸ்டோ பாரில் நள்ளிரவுத் தகராறில் கல்லூரி மாணவர் ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் 'எத்தனை மணிக்கு மூடணும்' என்பதைப் பற்றியே பேசினாங்க. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, எத்தனை மணிக்குத் தொடங்கணும் என்பதுதான்.

ஏன்னா, வாடிக்கையாளர் மாறிட்டார். மது அருந்துவதாகச் சொல்லும் அமெரிக்கர்கள் 54 சதவிகிதம்தான்னு 2025-ல் கேலப் கருத்துக்கணிப்பு சொன்னது. அவங்க கணக்கெடுக்க ஆரம்பிச்சதிலிருந்து இதுதான் குறைவு. அமெரிக்காவை விடுங்க, மும்பையிலும் பெங்களூரிலும் டிஜே வாசிக்க, காலையில் காபி குடிச்சுக்கிட்டே ஆடுற 'காபி ரேவ்' வந்தாச்சு. இந்தப் பசங்களுக்கு வேண்டியது பாட்டு, நல்ல சாப்பாடு, நண்பர்கள். மறுநாள் தலைவலி வேண்டாம்.

இதுக்கு பாண்டியைவிடத் தோதான ஊர் எது? பீச் ரோட்டில் சாயங்காலம் 6 மணிக்கே வண்டிகளை நிறுத்திடறாங்க. குடும்பம் குடும்பமா நடக்கிறாங்க. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோர் எந்தப் பப்புக்குள்ளும் போக மாட்டாங்க. போகிற மாதிரி ஓர் இடத்தை நாம இன்னும் அமைக்கலை. ஆறு மணிக்கு லைவ் மியூசிக், எட்டு மணிக்கு டின்னர், பெண்கள் தனியா வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத சூழல், குடிக்காதவருக்கும் மெனுவில் ஒரு பக்கம் (கோலாவை கிளாஸில் ஊத்தி 'மாக்டெய்ல்'னு கொடுத்தா கணக்கில் சேராது!). இரவு 10 மணிக்கு மேல் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் எப்படியும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுது. அதுக்குள்ள கல்லாவை நிரப்பிக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

அக்கம்பக்கத்தாரோடு பேசறதும் வியாபாரத்தில் சேர்த்திதான். ஆம்ஸ்டர்டாமில் 'இரவு மேயர்'னே ஒருத்தர் இருக்கார். கிளப் ஓனர்கள், நகராட்சி, குடியிருப்போர்னு மூணு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கிறதுதான் அவர் வேலை. இங்கே அந்த மூணு பேரும் சந்திக்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன்!

அப்புறம், வீடு திரும்பற விஷயம். குடிச்சுட்டு ஓட்டினா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆனா, நள்ளிரவில் டெம்போவை நம்பி நிற்க முடியுமா? நாலு பார்கள் சேர்ந்து, மூடுற நேரத்தில் ஒரு வேன் விட்டால் என்ன? இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர்னு ஒரு டிரிப். பில்லில் தலைக்கு 50 ரூபாய் சேர்த்துக்கட்டும். கொடுக்க நான் ரெடி. நீங்க?