வயசைப் பார்க்காதீங்க, பிரேக்கைப் பாருங்க

பழைய ராணுவ ஜீப்புக்கு இப்போ பட்டணத்துல நல்ல கிராக்கி. 2019-ல தோனி ராஞ்சியில பழைய ராணுவ நிசான் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போற படம் வந்தப்போ எங்க ஊர்ப் பசங்க போன்லயும் அது இருந்துச்சு. ‘தார்ப்பாய் போட்டு மூடின ஜீப் எதுவும் கிடக்குதா’ன்னு கேட்டுக்கிட்டு பெரம்பலூர், அரியலூர் பக்கம்கூட ஆளுங்க வர்றாங்க. வாங்கிட்டுப் போய் புதுசா பச்சை பெயிண்ட் அடிச்சு ரிசார்ட் வாசல்ல நிறுத்துறாங்க. கல்யாண ஜோடி அதுல சாஞ்சு நின்னு படம் எடுத்துக்கிறாங்க.

காசு கொடுத்து வாங்கினவங்க என்ன வேணா செய்யட்டும். ஆனா என் கருத்து வேற. அந்த வண்டியை ஓட வைக்கணும். சும்மா காட்சிக்கு இல்லை, வேலைக்கு ஓட வைக்கணும்.

வில்லிஸ் ஜீப் இரண்டாம் உலகப் போருக்குன்னே அமெரிக்காவுல செஞ்ச வண்டி. வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க. சண்டை முடிஞ்ச பிறகு நிறைய வண்டி இந்தியாவுலேயே தங்கிடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் மஹிந்திரா கம்பெனி பாகம் பாகமா இறக்கி பம்பாய்ல பூட்ட ஆரம்பிச்சுது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில சக்திமான் லாரி, ஜோங்கா எல்லாம் பிறகு வந்தது. பட்டாளத்துல கழிச்சுக் கட்டினதை ஏலத்துல விடுவாங்க. அதுக்கு எங்க பக்கம் ‘டிஸ்போசல் வண்டி’ன்னு பேரு. பஸ் போகாத ஊருக்குப் பருத்தி மூட்டை, விதை, உரம், பிரசவத்துக்குத் துடிக்கிற பொம்பளை எல்லாத்தையும் சுமந்தது அதுதான். கரிசல் மண்ணுல மழை பெஞ்சா மத்த வண்டி புதைஞ்சு நிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஏறி வந்துரும்.

குன்னம் பக்கத்துல என் சித்தப்பா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அவரு பட்டாளத்துல இருந்து வந்து ஏலத்துல எடுத்தது. மத்தவங்க எல்லாம் டீசல் இன்ஜின் மாத்திக்கிட்டாங்க, இவரு மாத்தலை. அவர் காலமான பிறகு பதினஞ்சு வருஷம் கொட்டகையில கோழி அடையிற இடமா கிடந்துச்சு. போன மாசியில அதைக் கிளப்பினாங்க. கிளப்பினவரு எழுபது தாண்டின மெக்கானிக். கூட நின்னது என் தம்பி மகன். நானும் பத்து நாள் அங்கதான் கிடந்தேன்.

‘ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்’னு சொல்லுவாங்க. ரொம்ப நாள் தூங்கின இன்ஜினுக்கும் அதேதான். புது பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடிச்சா பிஸ்டன் ரிங் உடைஞ்சு போகும். பெரியவர் முதல் நாள் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டினாரு. இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து நாலு ஓட்டையிலயும் கொஞ்சம் ஊத்தினாரு. மூணு நாள் அப்படியே விட்டாரு. நாலாம் நாள் முன்னாடி ஹேண்டிலைச் செருகி, பிளக் இல்லாமலேயே மெதுவா அசைச்சுப் பார்த்தாரு. அந்த இன்ஜின்ல வால்வு பக்கவாட்டுல, பிளாக்குக்குள்ளேயே இருக்கும். நாள்பட்டா ஏறின இடத்துலயே பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஒவ்வொண்ணா எண்ணெய் விட்டுத் தட்டி இறக்கினாரு.

டிரைவர் சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டேங்க். அதுல இருந்த பெட்ரோல் பிசினாகி, வார்னிஷ் வாடை அடிச்சுது. டேங்க், குழாய், கார்புரேட்டர் மூணையும் சுத்தம் பண்ணினாங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட்டை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டாங்க. எலி கடிச்ச ஒயரை மாத்தினாங்க. இதெல்லாம் முடிச்சும் பெரியவர் இன்ஜினைத் தொடலை. “ஓடுறதுக்கு முன்னாடி நிக்கத் தெரியணும்டா தம்பி”ன்னு சொல்லிட்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் நாலு வீல் சிலிண்டரையும் பிரிச்சாரு. எல்லாத்துலயும் துரு. ரப்பரை மாத்திப் பூட்டி, பெடலை மிதிச்சுப் பார்த்த பிறகுதான் கிளப்பவே விட்டாரு. ஹேண்டில் அடிக்கும்போது கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கம் வைக்கணும், சுத்திப் பிடிச்சா இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் போயிடும்னு பையன் கையைப் பிடிச்சு வச்சுக் காட்டினாரு. நிறைய தடவை அடிச்ச பிறகு நீலப்புகை கக்கிக்கிட்டு ஓடுச்சு.

நான் சொல்ல வர்ற விஷயம் இதுலதான் இருக்கு. அந்த வண்டியில கண்ணுக்குத் தெரியாத பாகம்னு ஒண்ணும் இல்லை. பெட்ரோல் வருதா, தீப்பொறி வருதா, காத்து வருதா, மூணு கேள்விதான். பிளஸ் டூ முடிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்ன பையன் பத்தே நாள்ல ஒரு இன்ஜினை உள்ளும் புறமும் தெரிஞ்சுக்கிட்டான். இன்னைக்கு எங்க மோட்டார் பம்ப் நின்னா அவனே பிரிக்கிறான். இப்போ வர்ற வண்டியில சென்சார் ஒண்ணு போனா கம்ப்யூட்டரோட கம்பெனி ஆள் வரணும். அறுவடை நேரத்துல மிஷின் நின்னுட்டா ஒருநாள் தாமதம்கூட விவசாயிக்கு நட்டம். பழுது பார்க்கும் உரிமைக்குன்னு 2022-ல மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு, அதுல விவசாயக் கருவிகளையும் சேர்த்தாங்க. நல்ல காரியம். ஆனா பழுது பார்க்கிற கை ஊர்ல இருந்தாத்தானே அந்த உரிமைக்கு அர்த்தம்? ஜீப்பை ரிசார்ட் வாசலுக்கு அனுப்பினா இரும்பு மட்டும்தான் போகுதுன்னு நினைக்காதீங்க. அந்தப் பெரியவரு பையனுக்குச் சொல்லிக் கொடுக்க இருந்த ஒரே பாடப் புத்தகமும் சேர்ந்து போகுது.

இப்போ சட்டத்துக்கு வரேன். 50 வருஷம் தாண்டி, செஞ்ச மாதிரியே இருக்கிற வண்டிக்கு 2021-ல தனி விதி வந்துச்சு. பதிவுக்கு 20,000 ரூபா. நம்பர்ல ‘விஏ’ எழுத்து வரும். ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இந்த மாதிரி காரியத்துக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். தினப்படி ஓட்டக்கூடாது. இன்னொரு வழி, சாதாரண பதிவையே அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கிறது. 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க. பணக்காரனுக்கு அது ஒரு டயர் காசு. வாரத்துல ரெண்டு நாள் சின்ன வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு அது பாரம். ஆக காட்சிப் பொருளா வச்சுக்க வழி இருக்கு, பழைய இரும்புக்குப் போட வழி இருக்கு. கஷ்டப்பட்டு உழைக்கிற கிழவனுக்குத்தான் வழி குறுகிக்கிட்டே போகுது.

பழைய வண்டி புகை கக்கும், பாதுகாப்பு கிடையாது, லிட்டருக்கு மைல் கணக்குல கொடுக்காதுன்னு நீங்க சொல்லுவீங்க. எல்லாம் உண்மை. சீட் பெல்ட் கிடையாது, கதவே கிடையாது. அதை சென்னை மவுண்ட் ரோட்டுல தினமும் ஓட்ட விடுங்கன்னு நான் கேட்கலை. டெல்லி மாதிரி மூச்சு முட்டுற ஊருக்குத் தனிச் சட்டம் இருக்கட்டும். காட்டுக்கும் ஊருக்கும் சந்தைக்கும் மாசத்துல நூறு கிலோமீட்டர் ஓடுற வண்டியையும் அதே தராசுல வைக்காதீங்கன்னுதான் கேட்கிறேன். மாடு வாங்கும்போது நாம பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், அதோட நடக்கவிட்டும் பார்க்கிறோம். பிரேக்கைச் சோதிங்க, ஸ்டீயரிங்கைச் சோதிங்க, புகையை அளங்க. தேறலைன்னா நிறுத்துங்க. தேறினா, வயசுக்குன்னு தனியா காசு கேட்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். கரும்பு, அரிசி மட்டுமில்லை, எங்க மாவட்டமே விதைக்கிற மக்காச்சோளத்துல இருந்தும் அது வருது. விலை கிடைச்சா எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா பழைய ரப்பர் குழாயையும் பம்புல இருக்கிற டயாஃப்ரத்தையும் எத்தனால் அரிச்சிரும், காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். அதனால குழாயை எத்தனாலுக்குத் தாங்குற வகையா மாத்திருங்க. டேங்க்ல மாசக்கணக்கா பெட்ரோலைத் தேக்காதீங்க. வாரம் ஒருதடவை கிளப்பி நல்லா சூடேற ஓட்டுங்க. நிறுத்தி வைக்கிற வண்டிதான் சீக்கிரம் சாகும்.

உங்க சொந்த ஊர்ல தாத்தா வண்டி ஏதாவது கொட்டகையில கிடந்தா, விலை கேட்டு வர்றவனுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பழைய மெக்கானிக் உசிரோட இருக்காரான்னு விசாரிங்க. இருந்தா உங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு நாள் அவர் பக்கத்துல உட்கார வைங்க. வண்டிக்குப் பாகம் டெல்லியில இருந்துகூட வரவழைக்கலாம். அந்த மாதிரி ஆளை எங்க இருந்து வரவழைக்கிறது?