பேன் மருந்தும் ஒன்பதாம் நாளும்

தலையில் பேன் இருப்பதை நம் இல்லங்கள் உடல்நலப் பிரச்சினையாகக் கருதுவதில்லை, மானக்கேடாகவே கருதுகின்றன. அதனால் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறோம். மருந்துக் கடையில் தணிந்த குரலில் கேட்டு, கிடைத்ததை வாங்கி வந்து, ஒரே இரவில் அனைத்தையும் ஒழித்துவிட முற்படுகிறோம். பேனைப் பெருமாளாக்குவது என்பது இதுதான் போலும். உண்மையில் தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. அரிப்பு, உறக்கக் குறைவு, சொறிந்த இடத்தில் சில வேளை சீழ்ப்புண்: அதன் தொல்லை பெரும்பாலும் இவ்வளவே. ஆகவே அதை நீக்கும் மருந்து அதனினும் பெரிய தீங்கைச் செய்யலாகாது என்பதே என் உறுதியான கருத்து.

அத்தகைய தீங்கு நம் வீடுகளில் நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மண்ணெண்ணெய் தலைத்தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் தீப்பற்றும். எறும்புக்கெனத் தயாரான சாக்குக்கட்டியைக் கூந்தலில் தேய்ப்போரும் உளர். அது தரையில் கோடு போடுவதற்கான பூச்சிக்கொல்லி. சீத்தாப்பழ விதைப்பொடியோ ‘இயற்கையானது’ என்ற பெயரால் எல்லாக் கேள்விகளிலிருந்தும் தப்பிவிடுகிறது. அதைத் தேய்த்துக் குளிக்கையில் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி, கடும் வலியுடனும் மங்கிய பார்வையுடனும் வந்தவர்களைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

பழைய மருந்துச் சீட்டை மீண்டும் பயன்படுத்துவதும் ஆபத்தே. காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, அதாவது லிண்டேன், முன்பு தாராளமாகப் பயன்பட்ட மருந்து. அது தோல்வழி உடலுக்குள் சென்று வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன்மீது கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. குழந்தைகளின் தலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

இன்று முதலில் எண்ண வேண்டியது 1 விழுக்காடு பெர்மெத்ரின் லோஷன். எண்ணைக் கவனியுங்கள். இதே மருந்து 5 விழுக்காட்டுக் கிரீமாகவும் கிடைக்கிறது. அது சிரங்குக்காக உடலில் பூசப்படுவது. ‘வீரியம் கூடினால் பலனும் கூடும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

பூசுவதற்கு முன் உயிருள்ள பேன் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பேன் சீப்பால் வாரிப் பாருங்கள். தலைத்தோலிலிருந்து கால் அங்குலத்திற்கு அப்பால் முடியில் ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெற்றுக்கூடு. அதற்கு மருந்து தேவையில்லை. பேன் இருந்தால், எண்ணெய்ப் பிசுக்குப் போக ஷாம்புவால் அலசி (கண்டிஷனர் கூடாது), துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வேர் முதல் நுனி வரை படும்படி லோஷனைத் தடவுங்கள். காதுகளின் பின்புறத்தையும் பிடரியையும் விட்டுவிடாதீர்கள். கண்களைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். 10 நிமிடங்களில் கழுவிவிட வேண்டும். இரவு முழுவதும் ஊறவிடுவது வேண்டாம். மருந்துநீர் உடலெங்கும் வழியாதபடி, குனிய வைத்துத் தலையை மட்டும் அலசுவது நல்லது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு இது கூடாது. கருவுற்றோரும், பாலூட்டும் தாய்மாரும், தலையில் புண் உள்ளோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பெரும்பாலோர் தவறவிடுவது இதற்குப் பிந்தைய கட்டத்தைத்தான். பெர்மெத்ரின் பேனைக் கொல்லும்; ஈர் அனைத்தையும் கொல்லாது. தப்பிய ஈர் ஒரு வாரத்தை ஒட்டிப் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈரிடுவதற்குள் அதை மடக்க வேண்டும். அதற்காகவே ஏழு முதல் பத்து நாளுக்குள் இரண்டாம் முறை பூசச் சொல்கிறோம். ஒன்பதாம் நாள் மிகவும் ஏற்றது. முதல் முறையோடு நிறுத்திவிட்டு, ‘மருந்து பலிக்கவில்லை’ என்று மண்ணெண்ணெயைத் தேடுவது வீண் துயரம். முதல்நாளே சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள். இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சீப்பால் வாருங்கள். பாட்டிமார் திண்ணையில் செய்த அந்த வேலைக்கு இன்றும் மாற்றில்லை.

பூசி அரை நாள் ஆன பின்னும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஊர்ந்தால் உடனே மறுபடி பூசாதீர்கள். அவை அம்மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கலாம். வேறு மருந்தை மருத்துவர் தருவார். தலையில் சீழ், காய்ச்சல், கழுத்தின் பின்புறம் நெறிகட்டுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அழைத்து வாருங்கள்.

வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் பாருங்கள். பேன் உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே படுக்கையில் உறங்குவோருக்கும் அதே நாளில் பூசினால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் மடியும். வீடெங்கும் பூச்சிமருந்து தெளிக்கத் தேவையில்லை. பெண் குழந்தையின் கூந்தலை மழிப்பதும், பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் அவளைத் தண்டிப்பதாகவே முடியும். மருந்து பூசிய மறுநாள் அவள் வழக்கம்போல் இரட்டைச் சடையுடன் வகுப்புக்குச் செல்லலாம்.