முடிவிலிருந்து எழுதப்படும் மனிதர்கள்

ஒரு விளையாட்டு அணி தொடர்ந்து தோற்கத் தொடங்கியதும் முதலில் எழும் கேள்வி, யாரை வெளியே அனுப்புவது என்பதுதான். ஆட்டக்காரர்கள் அனைவரையும் ஒரே நாளில் அனுப்பிவிட முடியாது. ஐரோப்பியக் கால்பந்தில் அவர்களை வாங்கவும் விற்கவும் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே கதவு திறக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்தில், அதாவது என்.பி.ஏ.வில், ஊதிய உச்சவரம்பும் பல்லாண்டு ஒப்பந்தங்களும் நிர்வாகத்தின் கைகளைக் கட்டிவைத்திருக்கின்றன. உரிமையாளர் தம்மைத்தாமே நீக்கிக்கொள்ளப் போவதில்லை. மிஞ்சுவது, கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். இந்த எளிய கணக்கை மறைப்பதற்குத்தான் 'அவருடைய உத்திகள் பழையவை', 'ஆட்டக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை' போன்ற கனத்த காரணங்கள் பின்னால் வந்து சேர்கின்றன.

பயிற்சியாளர்களை நீக்கவே கூடாது என்று வாதிடுவது நம் நோக்கமல்ல. கோடிக்கணக்கில் ஊதியம் பெற்று, நீக்கப்பட்ட பின்னும் இழப்பீடு பெறுகிறவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. நமது மனத்தாங்கல் வேறு. ஒரு முடிவு தெரிந்ததும், அதிலிருந்து பின்னோக்கி நடந்து ஒரு மனிதரின் குணசித்திரத்தை நாம் புதிதாக எழுதிவிடுகிறோம். மறுநாள் முடிவு மாறினால் அதே மனிதருக்கு வேறொரு குணசித்திரம். நாவல்களில் பாத்திரப் படைப்பு பிசகினால் பக்கம் பக்கமாகக் குறை சொல்லும் நாம், உயிருள்ள மனிதர்கள் விஷயத்தில் இவ்வளவு மலிவான பாத்திரப் படைப்பை எப்படி ஏற்கிறோம் என்பது நமக்கு விளங்கவில்லை.

கிளாடியோ ரனியேரியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2004 வரை செல்சீ அணியின் பயிற்சியாளராக அவர் இருந்தபோது, ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அவருக்கு 'டிங்கர்மேன்' என்று பெயர் வைத்தன. சும்மா இருக்கமாட்டாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவர் என்பது பொருள். கடைசிப் பருவத்தில் அணி லீக்கில் இரண்டாம் இடமும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதியும் எட்டியது. ஆனாலும் அவர் அனுப்பப்பட்டார். 2014 நவம்பரில் கிரீஸ் தேசிய அணி அவர் பொறுப்பில், தன் சொந்த மண்ணில், பரோ தீவுகளிடம் 0-1 என்று தோற்றது. வேலை போயிற்று. எனவே 2015 கோடையில் லெஸ்டர் சிட்டி அவரை அழைத்தபோது பலரும் சிரித்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் 140 நாட்கள் பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று மூச்சுவிட்டிருந்த அணி அது. அப்படிக் காப்பாற்றிய நைஜல் பியர்சன் நீக்கப்பட்டிருந்தார். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டுகிறவருக்கு ஒன்றுக்கு 5000 தருவதாகப் பந்தய நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

அதற்குப்பின் நடந்தது எல்லோரும் அறிந்த கதை. 81 புள்ளிகள், இரண்டாம் இடத்தைவிட 10 புள்ளிகள் கூடுதல், 2015-16 பிரீமியர் லீக் பட்டம். அந்தப் பருவத்தில் 'நோண்டிக்கொண்டிருப்பவர்' ஏறத்தாழ எதையும் நோண்டவில்லை. பெரும்பாலும் அதே பதினொருவரையே களமிறக்கினார். காயங்கள் குறைவு, ஐரோப்பியப் போட்டிகளும் இல்லை என்பதால் அது இயன்றது. ஆனால் பத்திரிகைகளுக்கு அந்தக் காரணங்கள் சுவைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு முதியவரின் ஞானம். கோல் விட்டுக்கொடுக்காமல் ஓர் ஆட்டம் முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக அவர் சொன்னது உளவியல் மேதைமையாயிற்று. கிரீஸில் தோற்றபோதும் அவர் இதே நகைச்சுவை உணர்வுள்ள மனிதராகத்தான் இருந்திருப்பார். அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த பருவம். நடுக்களத்தில் இருவர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்த என்கோலோ கான்டே செல்சீக்குப் போய்விட்டார் (செல்சீ அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்). வாரநடுவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள். ஜேமி வார்டி பாய்ந்தோட இடம் தராமல் எதிரணிகள் தங்கள் கோலை ஒட்டிப் பின்வாங்கி நிற்கக் கற்றுக்கொண்டன. இவற்றுக்கு விடைதேடி ரனியேரி அணியை மாற்றிப் பார்த்தார். உடனே பழைய பெயர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. 2017 ஜனவரியில் ஃபிஃபா அவருக்கு உலகின் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்தது. பிப்ரவரி 23 அன்று லெஸ்டர் அவரை நீக்கியது. பட்டம் வென்று ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. அணி பதினேழாம் இடத்தில், கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் விளிம்புக்கு ஒரு புள்ளி மேலே இருந்தது. இறங்கினால் அணிக்கு ஏற்படும் வருவாய் இழப்பு மிகப் பெரிது. நிர்வாகத்தின் அச்சம் பொய்யல்ல.

அவருக்குப்பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவரின் பெயர் ஷேக்ஸ்பியர். கிரெய்க் ஷேக்ஸ்பியர். (இலக்கிய வாசகர்கள் சிரிக்க அனுமதி உண்டு. நாமும் சிரித்தோம்.) அவர் தம் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். நீக்கியது சரிதான் என்று வாதம் முடிந்துபோயிற்று.

உண்மையில் வாதம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். பயிற்சியாளர் நீக்கப்படுவது எப்போது? அணி தன் வழக்கமான தரத்தைவிட வெகுவாகக் கீழே கிடக்கும்போது. திறமை அப்படியே இருக்க, காயமும் அதிர்ஷ்டமின்மையும் சேர்ந்து அழுத்திக் கிடக்கும் ஓர் அணி, யார் வந்தாலும் வராவிட்டாலும் கொஞ்சம் மேலேறத்தான் செய்யும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தாயத்துக் கட்டினால், மறுநாள் காய்ச்சல் இறங்கிய பெருமை தாயத்துக்குப் போய்ச்சேர்கிறது. இதை மீறி ஷேக்ஸ்பியரின் தனித்திறன் என்று ஏதாவது இருந்ததா? இருந்திருக்கலாம். ஆனால் அவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். பியர்சன் காலத்திலிருந்தே அங்கே உதவிப் பயிற்சியாளர். பட்டம் வென்றபோதும் தோற்றுக்கொண்டிருந்தபோதும் அதே பெஞ்சில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தவர். அந்தக் கோடையில் அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார்.

புகழ்பெற்ற பதவி நீக்கங்களைப் பார்த்தால் இந்த அடுத்த இருக்கைக்காரர் திரும்பத்திரும்ப வருகிறார். ஃப்ரேசர் 1890இல் வெளியிட்ட 'த கோல்டன் பவ்' நூல், ரோமுக்கு அருகே நேமி ஏரிக்கரைத் தோப்பில் காவல் நிற்கும் பூசகனிலிருந்து தொடங்குகிறது. முன்னவனைக் கொன்றவனே பூசகன். தன்னைக் கொல்லப்போகிறவன் வரும்வரை அவன் அரசனும்கூட. ரனியேரி ரோமில் பிறந்தவர் என்பது தற்செயல். ஆனால் நேமியின் சட்டத்தில் ஒரு நேர்மை இருந்தது: அங்கே யாரும் செத்தவனின் உத்திகள் பழையவை என்று கட்டுரை எழுதவில்லை.

டொராண்டோ ராப்டர்ஸ் விவகாரம் இன்னும் நுட்பமானது. டுவேன் கேசி 2017-18 பருவத்தில் அந்த அணியை 59 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றார். பிளேஆஃப் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் அணியிடம் 0-4 என்று வீழ்ந்தது டொராண்டோ. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக அதே அணியிடம். 2018 மே 11 அன்று கேசி நீக்கப்பட்டார். ஜூன் மாதம் அந்தப் பருவத்தின் சிறந்த என்.பி.ஏ. பயிற்சியாளர் விருது அவருக்கே வழங்கப்பட்டது. அவரிடம் உதவியாளராக இருந்த நிக் நர்ஸ் பதவிக்கு வந்தார். 2019இல் டொராண்டோ தன் முதல் பட்டத்தை வென்றது.

'பார்த்தீர்களா' என்றார்கள். நாமும் பார்த்தோம். லெப்ரான் அதே கோடையில் லாஸ் ஏஞ்சலஸுக்கு, மேற்குப் பிரிவுக்குப் போய்விட்டதைப் பார்த்தோம். மூன்றாண்டுகள் குறுக்கே நின்ற மலை தானே நகர்ந்துவிட்டது. ஒன்பது பருவங்கள் அந்த நகரத்துக்காக ஆடிய டிமார் டிரோசனை அனுப்பிவிட்டு, கவாய் லெனர்டைக் கொண்டுவந்ததைப் பார்த்தோம். 2019 மே 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் 90-90 என்று நிற்க, கடைசி நொடியில் லெனர்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை குதித்துப் பின் உள்ளே விழுந்ததையும் பார்த்தோம். இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்டும் கிளே தாம்சனும் காயத்தால் விழுந்ததையும். அந்தப் பந்து ஐந்தாவது முறை குதித்து வெளியே விழுந்து, கூடுதல் நேரத்தில் டொராண்டோ தோற்றிருந்தால், கேசியை நீக்கியது மூடத்தனம் என்று இன்று நூறு கட்டுரைகள் இருந்திருக்கும். கேசியின் திறமையோ திறமையின்மையோ ஒரு ரப்பர்ப் பந்தின் துள்ளலைச் சார்ந்ததாகிவிடுமா?

நர்ஸுக்கு உரிய பெருமையை மறுப்பதற்கில்லை. இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், நால்வர் சதுரமாக இடத்தைக் காக்க ஒருவர் மட்டும் ஸ்டெஃபன் கறியை நிழலாகத் தொடர்வது என்ற, பள்ளிக்கூட ஆட்டங்களில் காணும் தடுப்பு முறையை அவர் துணிந்து கையாண்டார். கேசி அதைச் செய்திருக்கமாட்டார் என்று நினைக்க இடமுண்டு. ஒரு பயிற்சியாளரை மதிப்பிட வேண்டியது இப்படிப்பட்ட இடங்களில்தான்: யாரை எப்போது வெளியே எடுத்தார், எந்த ஆட்டக்காரரின் எந்தக் குறையை மூன்றாண்டுகளில் திருத்தினார், திட்டம் உடைந்தபோது என்ன செய்தார். குறிப்பிட வேண்டியது, டொராண்டோ அந்த இரண்டாம் ஆட்டத்தில் தோற்றது. நல்ல முடிவு, தோற்ற ஆட்டம். நம் விவாதங்களில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதே இல்லை.

நாம் ஆதரிக்கத் தயங்காத ஒரு பதவி நீக்கமும் உண்டு. விசித்திரமாக, அது வென்றுகொண்டிருந்த ஓர் அணியில் நடந்தது. 2016 ஜனவரியில் கிளீவ்லாண்ட் கெவலியர்ஸ் 30 வெற்றி, 11 தோல்வியுடன் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றுவரை போன அணி. அப்போது பயிற்சியாளர் டேவிட் பிளாட் நீக்கப்பட்டு, உதவியாளர் டைரான் லூ அமர்த்தப்பட்டார். வென்ற அறையிலும் ஒற்றுமை இல்லை என்பதைத் தாம் கண்டதாகப் பொது மேலாளர் டேவிட் கிரிஃபின் விளக்கினார். அன்று உலகம் எள்ளியது. எல்லாம் லெப்ரானின் விருப்பம் என்றது. ஜூனில் 1-3 என்று பின்தங்கியிருந்து மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று அந்த அணி பட்டம் பெற்றதும் எள்ளல் அடங்கியது. பட்டம் வந்ததால் அந்த முடிவு சரியாயிற்று என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் மேலே எழுதியதையெல்லாம் அழிக்க வேண்டியிருக்கும். புள்ளிப்பட்டியலை மூடிவைத்துவிட்டு, கண்முன் இருந்த மனிதர்களைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு என்பதால் அதற்கு மதிப்புண்டு. பட்டம் நழுவியிருந்தாலும் அந்த மதிப்பு இருந்திருக்கும். அப்போது அதை யாரும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள், அவ்வளவே.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கிரெக் பாப்பவிச், 2025 மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து பட்டங்கள். விமானப்படைக் கல்லூரியில் படித்தவர் என்பதால் வந்த கட்டுப்பாடு, நல்ல ஒயின் மீதான ரசனை, ஆட்டக்காரர்களிடம் தந்தைக்குரிய கண்டிப்பு என்று அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பல உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் அவர் கணக்கு 17 வெற்றி, 47 தோல்வி. அப்போதும் அவர் விமானப்படைக் கல்லூரியில் படித்தவர்தான். அந்தப் படுதோல்வியின் பயனாகவும் குலுக்கலின் தயவாலும் 1997இல் டிம் டங்கன் என்ற பெரும் ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. 1999 பருவம் 6 வெற்றி, 8 தோல்வி என்று தொடங்கியபோது அவரையும் நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அந்தப் பருவம் முதல் பட்டத்தில் முடிந்தது. அந்தக் குரல்களை நிர்வாகம் கேட்டிருந்தால், ஒயின் ரசனையெல்லாம் பொறுப்பின்மைக்கான சான்றாகியிருக்கும்.

பாப்பவிச் யாரை அகற்றிவிட்டு அந்த இடத்துக்கு வந்தார் என்பது பலருக்கு நினைவிருக்காது. பாப் ஹில். 1994-95இல் 62 வெற்றிகளும் மறு பருவத்தில் 59 வெற்றிகளும் பெற்றுத்தந்தவர். 1996-97 தொடக்கத்தில் அணியின் தூணான டேவிட் ராபின்சன் முதுகுக் காயத்தால் ஆடவில்லை. 3 வெற்றி, 15 தோல்வி. பொது மேலாளராக இருந்த பாப்பவிச், ராபின்சன் மீண்டு களமிறங்கவிருந்த நேரத்தில் ஹில்லை நீக்கிவிட்டுத் தாமே பயிற்சியாளரானார். கால் எலும்பு முறிந்து மறுபடி வெளியேறும்முன் ராபின்சன் அந்தப் பருவத்தில் ஆடியது மொத்தம் 6 ஆட்டங்கள். அந்த ஆறும் பாப்பவிச்சின் கணக்கில் இருக்கின்றன.