இரண்டு பதிவேடுகள்

‘சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம்: சிறுகுறிப்பு வரைக.’ ஐந்து மதிப்பெண்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது வினாத்தாளில் வைத்திருப்போம். விடைத்தாள் திருத்தும்போது மூன்று எண்களைத் தேடுவோம். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1964 அக்டோபர் 30 என்ற தேதியையும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்களே, அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா என்று எந்த மாணவரும் எழுதியதில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்காததை அவர்கள் எப்படி எழுதுவார்கள்?

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதை என் துறையில் என்னோடு இருந்த ஐந்து பேரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் சில வரிகளைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். ஒருவர், “என் பேரையும் சேத்துத்தான எழுதுறீங்க?” என்று கேட்டார். அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறேன்.

கல்லூரி வாசலிலிருந்து நகரப் பேருந்தில் நான்காவது நிறுத்தம் இலங்கை அகதிகள் முகாம். நடத்துநர் “கேம்ப், கேம்ப்” என்று குரல் கொடுப்பார். 2021 ஆகஸ்டில் அரசு அந்தப் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஓட்டு வீடுகள் போய்ப் புது வீடுகள் கட்டும் 317 கோடி ரூபாய்த் திட்டமும் அப்போதுதான் வந்தது. நடத்துநருக்கு இன்னமும் அது கேம்ப்தான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நாங்கள் ஆறு பேரும் எங்கள் பணிக்காலம் முழுவதும் அதைத் தாண்டிப் போய் வந்தோம். ஒருவர்கூட அங்கே இறங்கியதில்லை.

எங்கள் துறை நூலகத்தில் நாங்கள் பெருமையாகக் காட்டும் ஒரு புத்தகம் இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த மைரன் வீனர், இந்தியாவில் காங்கிரஸ் கட்சி எப்படி வேரூன்றியது என்று ஆராய்ந்து 1967-இல் வெளியிட்ட நூல். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட ஐந்து இடங்களில் மதுரையும் ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கர் நம் ஊருக்கு வந்து கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசி எழுதினார் என்று வருடாவருடம் முதலாண்டு மாணவர்களிடம் சொல்வோம். அவர் கண்டது எளிமையான விஷயம். உள்ளூர்க் கட்சிக்காரர் மக்களின் வேலைகளுக்காக ஓடுகிறார். தாலுகா ஆபீஸுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறார். படிவம் எழுதத் தெரியாதவருக்கும் அரசு அதிகாரிக்கும் நடுவில் நிற்கிறார். அரசியல் சட்டப் புத்தகத்துக்கு வெளியே ஜனநாயகம் நடமாடுவது இந்த ஓட்டத்தில்தான்.

இதை நாங்கள் நன்றாகவே நடத்தினோம். ஆனால் அதன் மறுபக்கத்தை யோசிக்கவில்லை. அவர் ஓடுவது ஓட்டுக்காக. ஓட்டு இல்லாதவருக்கு யார் ஓடுவார்? தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு செய்துகொண்டு இருப்பவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர். ஒரு சட்டமன்றத் தொகுதியின் முடிவையே மாற்றக்கூடிய கூட்டம், ஒரு வாக்குகூட இல்லாமல். தேர்தல் நேரத்தில் நான்காவது நிறுத்தத்தின் மதில் வரைக்கும் சின்னங்கள் வரைந்திருப்பார்கள். மதிலுக்கு உள்ளே ஒரு சின்னமும் இருக்காது.

வீனர் கட்சி ஆராய்ச்சியோடு நின்றவர் அல்ல. குடிபெயர்வைப் பற்றியே பிற்காலத்தில் அதிகம் எழுதினார். 1978-இல் வந்த அவருடைய ‘மண்ணின் மைந்தர்கள்’ நூலில் அஸ்ஸாம் வருகிறது. மறுவருடமே அங்கே வெளியாருக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. தெற்காசியாவின் நிராகரிக்கப்பட்ட மக்களையும் வேண்டாத குடிபெயர்வோரையும் பற்றி 1993-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் எல்லை தாண்டுவது பஞ்சத்தாலும் போராலும் மட்டும் அல்ல, பல நேரங்களில் அரசுகளே அவர்களைத் தள்ளிவிடுகின்றன என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அகதி என்பவர் எப்போது ‘ஆபத்து’ ஆகிறார் என்று கேட்டு ஐந்து நிலைமைகளையும் வகுத்திருந்தார். சொந்த நாட்டு ஆட்சியை எதிர்ப்பவராக இருக்கும்போது, தங்கவைத்த நாட்டுக்கே அரசியல் நெருக்கடியாகும்போது, பண்பாட்டுக்கு அச்சம் என்று கருதப்படும்போது, செலவுச் சுமையாகும்போது, கடைசியாக, தங்கவைத்த நாடே அவரைச் சொந்த நாட்டுக்கு எதிரான கருவியாக்கும்போது.

இந்த ஐந்தில் முதலாவதையும் இரண்டாவதையும் ஐந்தாவதையும் நம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். 1983-க்குப் பிறகு ஈழப் போராளிகளுக்கு இங்கே பயிற்சி தந்தது எந்த நிலை? 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாமில் இருந்த கைக்குழந்தை வரை எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தது எந்த நிலை? வகுப்பில் நாங்கள் அந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதினோம். உதாரணம் கேட்டால் பாலஸ்தீனம் என்றோம், ஆப்கானிஸ்தான் என்றோம்.

வீனரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. அந்த ஐந்தும் அரசின் ஜன்னலிலிருந்து பார்த்து வகுத்தவை. அகதி யாருக்கெல்லாம் ஆபத்து என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. அரசு அகதிக்கு எப்போது ஆபத்தாகிறது என்பதற்கு அதேபோல ஒரு பட்டியல் வேண்டும். ஆனால் அதை எழுதியிருக்க வேண்டியவர்கள் நான்கு நிறுத்தம் தள்ளி இருந்த நாங்கள்தான். மாசசூசெட்ஸில் இருந்தவரைக் குறை சொல்லி என்ன பயன்?

1998-இல் இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தார். முகாமிலிருந்து சைக்கிளில் வருவார். எல்லோரும் ‘சார்’ என்றால் அவர் ‘சேர்’ என்பார். வகுப்பு சிரிக்கும். சிரிக்காதீர்கள் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தை நடத்திய ஒருநாள் எழுந்து நின்று, “சேர், இதில நான் எங்க வாறன்?” என்று கேட்டார். “அது தனி விஷயம்ப்பா, சிலபஸ்ல இல்ல” என்று சொல்லி உட்காரவைத்தேன்.

அவர் அடிக்கடி வகுப்புக்கு வராமல் போவார். முகாமில் ‘செக்கிங்’ நாள் என்று ஒன்று உண்டு. அதிகாரி வந்து உட்கார்ந்து பெயர் வாசிப்பார். குடும்பத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆள் இல்லை என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள், மாதாந்தரப் பணக்கொடை நின்றுபோகும், திரும்பப் பதிவு வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அந்த நாட்களில் அந்தப் பையனால் கல்லூரிக்கு வர முடியாது. அவருக்கு வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனது. தேர்வு எழுத அனுமதிக்கலாம் என்று துறையிலிருந்து ஒரு வரி பரிந்துரை எழுதியிருக்கலாம். கபடிக் குழுப் பையன்களுக்கு எழுதியிருக்கிறோம். இவருக்கு எழுதவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைத்தான் சேர்க்கச் சொன்னார் என் நண்பர். அதே வருடம் காவல்துறையின் ஏதோ ஒரு பிரிவிலிருந்து சாதாரண உடையில் ஒருவர் துறைக்கு வந்தார். முகாம் மாணவர்கள் ஒழுங்காக வருகிறார்களா, யாரோடு பழகுகிறார்கள் என்று விசாரித்தார். வருகைப் பதிவேட்டைக் கேட்டார். மூன்று பேர் அறையில் இருந்தோம். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தோம், டீயும் வாங்கிக் கொடுத்தோம். குடிபெயர்வோர் மீதான அரசின் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று அதற்கடுத்த வாரம் வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தக் கண்காணிப்புக்கு என் கையெழுத்துள்ள பதிவேடே உதவியது என்பது அன்று உறைக்கவில்லை.

ஜனநாயகம் ஒரு தாள், வெளியுறவுக் கொள்கை இன்னொரு தாள், குடியுரிமைச் சட்டம் மூன்றாவது தாளில் ஓர் அலகு. எங்கள் பாடத்திட்டம் இப்படித்தான் இருந்தது, அப்படியே நடத்தினோம். முகாமில் இருப்பவருக்கு மூன்றும் ஒன்று. அந்த ஒப்பந்தம் பங்கு பிரித்த மலையகத் தமிழர்கள் 1947 இலங்கைத் தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. முதலில் வாக்கு போயிற்று. வாக்கு போன பிறகு, அவர்களைப் பங்குபோடுவது இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பேசும் வெளியுறவு விவகாரமாயிற்று. கடைசியில் அவர்களை இந்தியாவுக்கு ஏற்றிவந்த தலைமன்னார்க் கப்பலும் 1984-இல் நின்றது. இந்தியா வர விண்ணப்பித்தவர்களில் பல்லாயிரம் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், சிலர் போருக்குத் தப்பிப் படகேறி அகதிகளாக வந்தார்கள். கொழும்பு 2003-இல் தன் நாட்டில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருடம் டெல்லி நம் சட்டத்தைத் திருத்தி, ‘சட்டவிரோதக் குடியேறி’யாகக் கருதப்படுபவரின் பிள்ளைக்கு இந்த மண்ணில் பிறந்தாலும் குடியுரிமை இல்லை என்றது. 2019-இல் அண்டை நாட்டு அகதிகளுக்கென்று வந்த திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. 2025-இல் வந்த புதிய வெளிநாட்டினர் சட்டத்தோடு ஒரு விலக்காணை வந்தது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று அது சொல்கிறது. நல்லதுதான். அந்தத் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். மைத்திரிபால சிறிசேன கொழும்பில் பதவியேற்ற நாள் அது. நம் ஊர் முகாமில் இருப்பவரின் வாழ்க்கையில் கோடு விழுவது இன்னொரு நாட்டின் ஆட்சி மாறும் நாளில். இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைத்திருக்கும் எங்களுக்கு?

2009-இல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், கல்லூரி வாசலில் மனிதச் சங்கிலியாக நின்றோம். அந்தக் கண்ணீர் பொய்யானது அல்ல. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்து நின்ற அன்றும், சங்கிலி முடிந்ததும் பேருந்து ஏறி நான்காவது நிறுத்தத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன்.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். ஏணியில் நின்றபடி, “சேர், என்னை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். குரலைவிட அந்தச் சொல்தான் அடையாளம் காட்டியது. தாத்தா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததும், 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்குப் போனதும், 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்ததும் அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்காவது நிறுத்தத்தில் இறங்கினேன். 1998-இல் நான் வைத்திருந்த என் சொந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப்போனேன், அவர் பெயருக்கு நேரே வராத நாட்களைச் சிவப்பு மையில் குறித்திருப்பேன். அவர் அம்மா தகரப் பெட்டியிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்துத் தந்தார், ஒவ்வொரு செக்கிங்குக்கும் அதில் ஒரு சுருக்கொப்பம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதினான்கு தேதிகளில் பதினொன்று பொருந்தியது. மீதி மூன்றும் காய்ச்சல் என்றார் அம்மா. மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சேர், பிள்ளை படிச்சாப் போதும்” என்றார் என் பழைய மாணவர். மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள்.

பேச்சுவாக்கில் அவர் மனைவியிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டேன். மண்டபம் முகாமில், என்றார். பெற்றோர் 1984-இல் வந்தவர்கள். எந்த வருடம்? 1987. மாதம்? மார்ச்.

1950 ஜனவரி 26 முதல், 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை, இந்த மண்ணில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. வருடாவருடம் நான் கரும்பலகையில் எழுதிய தேதி. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே பிரிவின்படி பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதற்கு முன்பும் சட்டத்தில் அது இருந்தது. என் எதிரில் இருந்த பெண்மணி முப்பத்தெட்டு வருடமாக இந்தியர். அவருக்கு அது தெரியாது. தெரிந்த நாங்கள் ஆறு பேர் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தோம்.

பிறப்புச் சான்றிதழின் நகல் இருந்தது, மடிப்பில் கிழிந்து. அங்கேயே உட்கார்ந்து மனுவின் முதல் வரைவை எழுத ஆரம்பித்தேன். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். “எனக்கு எண்பத்தஞ்சு, சேர்.” “எங்கட அக்காவுக்கு எண்பத்தாறு, மண்டபத்திலதான் பிறந்தவ.” ஒவ்வொருவரின் பெயரையும் வருடத்தையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே வந்தேன். கதவோரம் நின்றிருந்த ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்துவிட்டு, “எனக்கு எண்பத்தெட்டு, சேர்” என்றார். பேனா நின்றது. அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டேன்.